34 கிராம் சரி, படம் தவறு

அந்த மாணவனின் விடைத்தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். 28 கிராம் நைட்ரஜனும் 6 கிராம் ஹைட்ரஜனும் முழுமையாக வினைபுரிந்தால் எவ்வளவு அம்மோனியா கிடைக்கும் என்ற கேள்விக்கு, அடித்தல் திருத்தல் இல்லாமல் 34 கிராம் என்று எழுதியிருந்தான். N₂ + 3H₂ → 2NH₃ என்று சமன்பாட்டையும் பிசகின்றிச் சமன் செய்திருந்தான். கடைசிக் கேள்வியில், அதே சமன்பாட்டை அணுக்களாக வரைந்து காட்டச் சொல்லியிருந்தேன். மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகள் தனித்தனியாக இருக்க வேண்டிய இடத்தில், ஆறு வட்டங்களைப் பாசிமணி கோத்ததுபோல ஒரே சங்கிலியாக வரைந்திருந்தான். கூப்பிட்டுக் கேட்டேன்.

"மூன்றையும் இரண்டையும் பெருக்கினால் ஆறுதானே, டீச்சர்?"

பெருக்கல் சரி. 3H₂ என்பதில் முன்னால் நிற்கும் 3 மூலக்கூறுகளின் எண்ணிக்கை, கீழே நிற்கும் 2 ஒரு மூலக்கூறுக்குள் இருக்கும் அணுக்களின் எண்ணிக்கை என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. சரியாகச் சொன்னால், நான் அவனிடம் அதைக் கேட்டதே இல்லை. உயர்நிலை வகுப்புகளுக்கு நான் அதுவரை தயாரித்த வினாத்தாள்கள் எல்லாம் கணக்குப் போடத் தெரியுமா, வரையறை நினைவிருக்கிறதா என்றுதான் சோதித்திருக்கின்றன. அன்று இரவு பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். ஒரு கேள்விகூட அவனுடைய சங்கிலியைக் காட்டிக்கொடுத்திருக்காது.

புதிதாக ஒரு தாள் தயாரிக்க உட்கார்ந்தபோது முதல் இடறல் தவறான விடைகளில் வந்தது. பலவுள் தெரிவுக் கேள்வியில் சரியான விடையை எழுதுவது எளிது. மற்ற மூன்றும் ஒரு மாணவன் உண்மையிலேயே நம்பக்கூடியவையாக இருக்க வேண்டும். நானாகக் கற்பனை செய்து எழுதியவை, படிக்காதவன்கூட ஒதுக்கித் தள்ளிவிடும்படி இருந்தன. ஆகவே தெரிவுகளை விட்டுவிட்டு, கேள்வியை மட்டும் கொடுத்து வெறும் தாளில் எழுதச் சொன்னேன். மதிப்பெண் கிடையாது, பெயரும் எழுத வேண்டாம் என்றேன். பெயர் இல்லை என்றதும் எழுத்து தாராளமாக வந்தது, தவறான நம்பிக்கைகளும் கூடவே வந்தன. இரும்பு இழையைக் காற்றில் எரித்தால் எடை குறையும், ஏனென்றால் எரிந்தது சாம்பல், சாம்பல் லேசானது. பி.எச். மதிப்பு 3 உள்ள கரைசல், 5 உள்ளதைவிட இரண்டு மடங்கு அமிலத்தன்மை கொண்டது. (பி.எச். அமிலத்தன்மையின் அளவுகோல்; அதில் ஒவ்வொரு எண் குறையும்போதும் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்து மடங்கு கூடும். ஆகவே உண்மையில் 100 மடங்கு.) பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வெளிவரும். இந்தக் கடைசித் தவறு பல தாள்களில் இருந்தது. எரிபொருளில் ஆற்றல் அடைந்து கிடப்பதுபோல நாம் வகுப்பில் பேசுகிறோம். பிணைப்பை உடைக்க ஆற்றல் செலவாகிறது, புதிய பிணைப்பு உருவாகும்போதுதான் வெளிவருகிறது என்பதை அவசரமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அந்த வாக்கியங்களை அவர்கள் எழுதியபடியே எடுத்துத் தெரிவுகளாக வைத்தேன்.

அடுத்தது, காரணம். விடையைத் தேர்ந்தெடுத்தபின் அதற்கான காரணத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். இந்த இரண்டடுக்கு முறையை அறிவியல் கல்வி ஆய்வாளர் டேவிட் டிரகஸ்ட் 1988இல் விரிவாக எழுதியிருக்கிறார். நான் அதில் ஒன்றைக் கூட்டிக்கொண்டேன்: அச்சிட்ட காரணங்களில் எதுவும் பிடிக்கவில்லை என்றால் சொந்தக் காரணத்தை எழுத இரண்டு கோடுகள் விட்டேன். திருத்த நேரம் ஆகும். ஆனாலும் அந்த இரண்டு கோடுகளை இனி எந்தத் தாளிலும் நான் விடாமல் இருக்கமாட்டேன்.

படக் கேள்வியையும் மாற்றினேன். ஒரு கட்டத்துக்குள் மூன்று நைட்ரஜன் மூலக்கூறுகள், ஆறு ஹைட்ரஜன் மூலக்கூறுகள். வினை முழுமையாக நடந்ததாகக் கொண்டு, முடிவில் கட்டத்துக்குள் இருப்பதை வரைய வேண்டும். நான்கு அம்மோனியாவும் மிஞ்சிய ஒரு நைட்ரஜனும் வர வேண்டும். பாதிப்பேர் சமன்பாட்டில் இருப்பதைப் போலவே இரண்டு அம்மோனியாவை வரைந்துவிட்டு மற்ற அணுக்களை மறந்துபோனார்கள். அவர்களில் பலர் 34 கிராம் கேள்வியில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள்.

என்னை உலுக்கிய கேள்வி வேறு. தண்ணீர் நன்றாகக் கொதிக்கும்போது எழும் குமிழிகளுக்குள் என்ன இருக்கிறது? காற்று, வெப்பம், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும், நீராவி என நான்கு தெரிவுகள். வகுப்பில் 40 பேர். ஒரு கேள்வி தரமானதா என்று பார்க்க, மொத்த மதிப்பெண்ணில் மேலே இருக்கும் 27 சதவீதத்தினரையும் கீழே இருக்கும் 27 சதவீதத்தினரையும் ஒப்பிடுவது வழக்கம். எனக்கு அது இரு பக்கமும் 11 பேர். நீராவி என்று சரியாகச் சொன்னவர்கள் மேல் வரிசையில் 3 பேர், கீழ் வரிசையில் 5 பேர். நன்றாகப் படிப்பவர்களையும் மற்றவர்களையும் ஒரு கேள்வி எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் பிரித்தறியும் திறன் எதிர்மறையில் வந்தது. இப்படி வந்தால் கேள்வியில்தான் கோளாறு என்று கொண்டு நீக்கிவிடுவார்கள். நானும் பேனாவால் குறுக்கே கோடு போட்டுவிட்டேன்.

பிறகு காரணங்களைப் படித்தேன். மேல் வரிசை மாணவர்கள் ஏறக்குறைய ஒரே குரலில் எழுதியிருந்தார்கள்: தண்ணீர் ஹைட்ரஜனாலும் ஆக்சிஜனாலும் ஆனது, ஆற்றல் கொடுத்தால் அது பிரியும். இது என் பாடம். முந்தைய மாதம்தான் மின்சாரம் பாய்ச்சித் தண்ணீரைப் பிரித்துக் காட்டியிருந்தேன். கவனமாகக் கேட்டவர்கள் அதைக் கொதிக்கும் பானைக்கும் எடுத்துச் சென்றுவிட்டார்கள். கொதிக்கும்போது மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன, மூலக்கூறுக்குள் இருக்கும் பிணைப்பு அப்படியே இருக்கிறது என்று நான் சேர்த்துச் சொல்லவில்லை. போட்ட கோட்டை அழித்தேன். கேள்வியில் கோளாறு இல்லை.

கீழ் வரிசையில் ஒரு மாணவி, மற்றக் கேள்விகளில் பெரும்பாலும் தவறியவள், அந்த இரண்டு கோடுகளில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தாள்: "ஹைட்ரஜன் வந்தால் அடுப்பு நெருப்பில் பற்றிக்கொண்டிருக்கும். மூடியைத் திறந்தால் அதில் தண்ணீர்தான் ஒட்டியிருக்கிறது."

மறுநாள் வகுப்பில் அதை வாசித்துக் காட்டினேன். யாரும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு முதல் வரிசையில் ஒருவன், "அப்படியானால் மின்சாரம் மட்டும் எப்படிப் பிரிக்கிறது?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்வியிலேயே பாட வேளை முடிந்துவிட்டது.

அடுத்த ஆண்டுக்கான தாள் தயாராகிவிட்டது. குமிழிக் கேள்விதான் முதல் கேள்வி. காரணங்களில் நான்காவதாக, அவள் எழுதியதை ஒரு எழுத்தும் மாற்றாமல் அச்சிட்டிருக்கிறேன்.