அட்டையைக் கழற்றிய பிறகும் அதற்கான கேள்வி

தங்கச்சிமடத்தில் மச்சான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடைக் கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக்கொடுத்தது நான் என்பதால், அதில் எது நின்றாலும் எனக்குத்தான் போன் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நிவாரணத்துக்கு ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல் எடுக்கக் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். அப்படி ஒரு காலையில்தான், “மாப்பிள்ளை, அந்த ஊதாத் திரை மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கிறது. என்ன கொடுக்க?” என்றார்.

அது மூன்றாவது முறை. அப்டேட் நடுவில் நின்று, செக்யூர் பூட்டுக்கென்று (நம்பகமான கையொப்பம் இல்லாத மென்பொருளைக் கணினி தொடங்கும்போதே தடுக்கும் பாதுகாப்பு அது) எட்டு எழுத்துக்குக் குறையாத பாஸ்வேர்டை இரண்டு தடவை கேட்கும். கொடுத்துவிட்டுக் கணினியை மறுபடி இயக்கினால் ஒரு நீலத் திரை வந்து பத்து விநாடி எண்ணும். அதற்குள் ஒரு விசையை அழுத்தி, கையொப்பத்தைச் சரிபார்க்கும் டிஜிட்டல் சாவியைப் பதிவு செய்து, அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். கூட்டத்தைக் கவனிக்கும் மனிதருக்குப் பத்து விநாடி எங்கே கிடைக்கும்? சாவி பதிவாகாது, அடுத்த அப்டேட்டில் அதே கேள்வி.

யோசித்தபோதுதான் திரைக்குப் படம் அனுப்பும் பழைய என்விடியா கிராபிக்ஸ் அட்டை நினைவுக்கு வந்தது. உப்புக் காற்றில் அதன் முனையெல்லாம் பச்சைக் களிம்பு ஏறிவிட்டது. போன வருடமே கழற்றிவிட்டு, மானிட்டரை மதர்போர்டிலுள்ள இன்டெல் இணைப்பில் மாட்டியிருந்தேன். அட்டை போயிற்று, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் போகவில்லை. இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் புதிதாக வரும்போதெல்லாம் டிகேஎம்எஸ் என்ற கருவி அந்த டிரைவரை மறுபடி கட்டுகிறது. நம் கணினியிலேயே கட்டிய டிரைவரைச் செக்யூர் பூட் ஏற்க, பதிவான சாவியின் கையொப்பம் வேண்டும். கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

செக்யூர் பூட்டை அணைத்துவிடச் சொன்னார்கள் சிலர். எனக்குச் சம்மதமில்லை. கேள்வி நிற்கும், ஆனால் ஒரு பாதுகாப்பு போய்விடும். உதவாத டிரைவரைக் கட்டும் வேலையும் நிற்காது.

சனிக்கிழமை இரவு கடை அடைத்தபின் உட்கார்ந்தேன். முதலில், எந்த வன்பொருளை எந்த டிரைவர் இயக்குகிறது என்று காட்டும் எல்எஸ்பிசிஐ கட்டளை. இன்டெல்லுக்கு நேரே ஐ915 என்று காட்டியது. அது கர்னலோடு வரும் டிரைவர் என்பதால், என்விடியாவை எடுத்தாலும் திரை இருளாது. (அட்டை உண்மையிலேயே இயங்கும் கணினியில் இதைச் செய்யாதீர்கள், அங்கே நீலத் திரையில் சாவியைப் பதிவு செய்வதுதான் வழி.) பிறகு என்விடியா பெயர் கொண்ட பேக்கேஜ்களை வரிசைப்படுத்தி, உடனே நீக்காமல், என்னென்ன போகும் என்று மட்டும் காட்டும் ஒத்திகையை ஓட்டினேன். டெஸ்க்டாப் சார்ந்த எதுவும் சேர்ந்து போய்விடக் கூடாதே என்று ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எல்லாம் என்விடியாவுடையவைதாம். அமைப்புக் கோப்புகளும் போகட்டும் என்று ரிமூவ் கொடுக்காமல் பர்ஜ் கொடுத்தேன், பின் இனித் தேவைப்படாத துணைப் பேக்கேஜ்களை நீக்கும் ஆட்டோரிமூவ். டிகேஎம்எஸ் பட்டியல் காலியாக வந்தது.

சில நாளில் புதிய கர்னல் வந்தது. அப்டேட் என்ன ஆயிற்று என்று நானே போன் செய்தேன். “அது காலையிலேயே முடிந்துவிட்டது மாப்பிள்ளை, ஒன்றும் கேட்கவில்லை” என்றார். பின்னால் ஜெராக்ஸ் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.