அப்பப்பாவை ஆண்டவர்கள்

பாரிசுக்கு வடக்கே சர்செலில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு புதுச்சேரி அம்மா இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். லிஃப்டில் முதல் தடவை பேசியபோது, எங்கள் ஈழத்து ஆட்கள் யாரைக் கண்டாலும் கேட்கும் கேள்வியையே, வதிவிட அட்டையைப் பற்றி, அவரிடமும் கேட்டேன்: "உங்களுக்கு எந்த ஆண்டு கார்ட் கிடைத்தது?"

"எனக்கு ஏது தம்பி கார்டு? நான் பொறந்ததுலேருந்தே பிரெஞ்சு."

அவருடைய அப்பா ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சுச் சிப்பாய். பிரெஞ்சுப் படையில் இந்தோசீனா வரை போனவர். புதுச்சேரி 1954 நவம்பரிலேயே இந்திய நிர்வாகத்துக்குப் போய்விட்டாலும், அதைக் கையளிக்கும் ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்டில்தான். அங்கே பிறந்து அங்கேயே வாழ்ந்தவர்கள் இந்தியர் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா எழுதிக் கொடுத்தார். சித்தப்பா கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணன் தம்பி. இன்று சித்தப்பாவின் பேரப்பிள்ளைகள் பாரிசைப் பார்க்க விசாவுக்கு வரிசையில் நிற்கிறார்கள். அம்மாவின் பேரன் இங்கே மேரியில், நகரசபை அலுவலகத்தில், வேலை செய்கிறான்.

எனக்கு அகதி அங்கீகாரம் கிடைத்தது 2019இல். அடுத்ததாகக் குடியரசு ஒருங்கிணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து, பிரெஞ்சு வகுப்பு, நான்கு நாள் குடிமைப் பயிற்சி. அந்தப் பயிற்சியைக் குறை சொல்ல மாட்டேன். வாடகை உதவிக்கு எங்கே போவது, பிள்ளையைப் பள்ளியில் எப்படிச் சேர்ப்பது என்பதெல்லாம் அங்கேதான் தெரிந்தது. 1789ஆம் ஆண்டுப் புரட்சி, மதத்தையும் அரசையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டம் என்று வரலாறும் சொன்னார்கள். ஆனால் என் பக்கத்தில் இருந்தவர் மாலி நாட்டவர். சிறுவயதிலிருந்தே பிரெஞ்சு பேசுகிறவர். அவருடைய தாத்தா இரண்டாம் உலகப் போரில் பிரான்சுக்காகச் சண்டை போட்டவர். அப்படிப் போன ஆப்பிரிக்க வீரர்களின் ஓய்வூதியத்தை, நாடுகள் விடுதலை அடையும் நேரத்தில், 1959 டிசம்பரில் போட்ட சட்டம் அப்படியே உறைய வைத்தது. பிரெஞ்சு வீரருக்குச் சமமாக்கத் தொடங்கியது 2007இல்; முழுதாக முடிந்தது 2011இல். அது உறைந்து கிடந்தபோது புதுச்சேரி அம்மாவின் அப்பாவுக்கு முழு ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. நான்கு நாளில் இதைப்பற்றி ஒரு வரி வரவில்லை. "பிரான்ஸ் என்றால் என்ன" என்று அந்த மனிதருக்கு யாரோ முதன்முறையாக விளக்குவதுபோல் இருந்தது. எனக்கே வலித்தது.

அப்புறம் குடியுரிமை விண்ணப்பம். பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் 21-24ஆம் பிரிவு கேட்பது ஒருங்கிணைப்பை அல்ல, 'அசிமிலாசியோன்'. சாப்பிட்டது செரித்து உடம்போடு சேருவதற்கும் பிரெஞ்சில் இதே சொல்தான். குடியேற்ற நாடுகளில் பிரான்ஸ் தன் கொள்கைக்கு வைத்த பெயரும் இதுவே. அல்ஜீரியாவில் 1865இலிருந்து, ஒரு முஸ்லிம் முழுக் குடிமகனாக வேண்டுமென்றால் தன் மதவழிக் குடும்பச் சட்டத்தைக் கைவிட வேண்டும். புதுச்சேரியில் 1881இல் அதேபோல ஓர் ஆணை வந்தது. இந்துவோ முஸ்லிமோ கிறிஸ்தவரோ, தன் சமூக வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வரலாம்; புதிதாக ஒரு குடும்பப் பெயரும் எடுக்க வேண்டும். சாதியால் மிதிபட்ட பலருக்கு அது ஒரு கதவு. பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் 1873இல் ஐரோப்பியச் சப்பாத்து போட்டு நீதிமன்றத்துக்குள் போனதற்காகத் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடி வென்றவர். அந்த ஆணைக்குப் பிறகு அவர் லாப்போர்த் ஆனார்.

என் விண்ணப்பப் படிவத்திலும் ஒரு கேள்வி இருந்தது: பெயரைப் பிரெஞ்சுமயமாக்க விருப்பமா? கட்டாயம் இல்லை. 1972ஆம் ஆண்டுச் சட்டம் தரும் வசதி அது. என் பெயரை அரசாங்க அலுவலகத்தில் எழுத்தெழுத்தாகச் சொல்லிச் சொல்லிக் களைத்தவன் நான், வேண்டாம் என்று குறித்தேன். மாற்றிக்கொண்டவர்களை நான் தவறாக நினைக்கவில்லை.

லண்டனில் என் சித்தப்பா மகன் இருக்கிறான். நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்தில் ஒரே முற்றத்தில் விளையாடியவர்கள். அவனுக்கு வதிவிட அனுமதி கிடைத்ததும், பிரித்தானியக் குடியுரிமை எடுக்கும் முன்பே, நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குப் போட்டான். இலங்கை பொதுநலவாய நாடு, அது போதும். எனக்கு இங்கே நகரசபைத் தேர்தலில்கூட வாக்கு இல்லை. அவனிடம் 1991இலிருந்து அங்கே நடப்பதுபோல் குடிசன மதிப்பீட்டில் இனம் கேட்கிறார்கள். இங்கே கேட்பதில்லை, குடியரசின் கண்ணில் எல்லோரும் ஒன்று. பிரித்தானியர் எங்கள் சட்டசபையிலும் இனவாரியாகத்தானே இடம் ஒதுக்கினார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அந்தப் பழக்கம் ஊரை எங்கே கொண்டுபோய் விட்டது என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் என் மகளைப்போல எத்தனை பிள்ளைகளுக்கு நிறத்தால் வேலை மறுக்கப்படுகிறது என்பதை எண்ணிப் பார்க்க லண்டனில் ஒரு வழியாவது இருக்கிறது. ஸ்பெயினோ இன்னும் வெளிப்படை: தன் பழைய குடியேற்ற நாடுகளான லத்தீன் அமெரிக்க நாட்டவருக்கும் பிலிப்பைன்ஸ்காரருக்கும் இரண்டு ஆண்டு வசித்தால் குடியுரிமை கேட்கலாம், பெரும்பாலான மற்றவர்களுக்குப் பத்து ஆண்டு.

2025இலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டதால் எனக்குப் பி1 என்ற இடைநிலைப் பிரெஞ்சு மொழித்தகுதி போதும். 2026 ஜனவரியிலிருந்து அதற்கு அடுத்த படியான பி2 வேண்டும், தனியாக ஒரு குடிமைத் தேர்வும் உண்டு. இப்போது கொடுக்க நினைப்பவர்கள் மொழித்தேர்வை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலில் தேசியகீதம் கேட்பார்களாம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மூன்றாம் மாடிக்குப் போகிறேன். புதுச்சேரிப் பள்ளியில் படித்த மார்செய்யேசை அம்மா எனக்கு வரி வரியாகச் சொல்லித் தருகிறார். 'ர' வரும் இடத்திலெல்லாம் என் நாக்கு உருள்கிறது. "தொண்டையிலேருந்து சொல்லுங்க தம்பி" என்கிறார்.