கோத்தகிரியில் ஒரு கிரவல் சைக்கிள்

"சனம் எல்லாம் லண்டனுக்கும் கனடாவுக்கும் ஓடுது. நீ என்னத்துக்கடா இந்தியாவுக்குப் போறாய்?" என்று பெரியம்மா கேட்டார். மனைவியின் அப்பா அம்மாவுக்கு வயதாகிவிட்டது, எங்கள் இருவருக்கும் கணினியில்தான் வேலை, எங்கிருந்தும் பார்க்கலாம் என்றேன். அது பொய்யில்லை. கோத்தகிரியைச் சுற்றி எத்தனை மண் ரோடு இருக்கிறது என்று செயற்கைக்கோள் படத்தில் மாதக்கணக்கில் மேய்ந்துகொண்டிருந்ததை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பள்ளிக்கூட வயதில் ஜெர்மனிக்குப் போனவன். நாங்கள் இருந்த ஹம் நகரத்தின் பெயர் அங்குள்ள காமாட்சி அம்பாள் கோயிலால் நம் ஆட்களுக்குத் தெரிந்திருக்கும். லிப்பே ஆறு ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. அதன் கரையோரமாக மேடே இல்லாமல் நாள் முழுக்கச் சைக்கிள் ஓட்டலாம். தெற்கே போனால் மோனே அணை, அதை ஒட்டி ஆர்ன்ஸ்பெர்க் காடு. மரம் ஏற்றும் லாரிகளுக்காகப் பொடிக்கல் கொட்டி இறுக்கிய வழிகள் அந்தக் காடு முழுக்க உண்டு. ஓய்வுக்காக யாரும் காட்டுக்குள் போகலாம், வழி இருக்கும் இடத்தில் சைக்கிளும் ஓட்டலாம் என்று 1975ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கிரவல் சைக்கிள் பிடித்துப்போனதும் அங்கேதான். கைப்பிடி பந்தய சைக்கிளைப் போல வளைந்திருக்கும், டயர் மட்டும் அகலம். தார் ரோட்டிலும் ஓடும், கல் ரோட்டிலும் ஓடும்.

அதைக் கழற்றிப் பெட்டியில் அடைத்துக் கோயம்புத்தூரில் இறக்கி, மேட்டுப்பாளையம் வழியாக மலைக்குக் கொண்டுவந்தோம். வாசலில் வைத்துப் பூட்டி முடித்ததும் மாமா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஹேண்டில் வளைஞ்சு போச்சே மாப்பிள்ள, பிளேன்லயே இப்படி ஆயிருச்சா?" என்றார்.

மாமா அரசுத் தேயிலைக் கழகமான டேன்டீயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறந்தது பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்களே, அந்தக் கணக்கில் அவரும் ஒரு தலை. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து இங்கே வந்து சேர்ந்த குடும்பம். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் அரசு நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கியது. அதுவே 1976இல் டேன்டீ என்ற கழகமானது. அதனால் "மருமகன் சிலோன்காரர்" என்றால் கோத்தகிரியில் யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை. என் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் "கேரளாவா?" என்கிறார்கள். மாமாவும் நானும் ஒரே தீவில் பிறந்தவர்கள், ஆனால் அவர் யாழ்ப்பாணத்தைப் பார்த்ததில்லை, நான் பதுளையைப் பார்த்ததில்லை. நாங்கள் சந்தித்துக்கொள்ள நீலகிரி தேவைப்பட்டிருக்கிறது.

குடிவந்த புதிதில் நடந்த காகித வேலைகளை நீட்டி எழுதப்போவதில்லை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் 180 நாளுக்கு மேல் தங்கும் விசாவில் வந்தால் 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். செய்தோம். குளிரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஜெர்மனியில் குளிர் வெளியே இருக்கும், வீட்டுக்குள் வந்தால் சட்டையோடு உட்காரலாம். இங்கே வெயில் வெளியே, குளிர் வீட்டுக்குள். டிசம்பர் காலையில் உடம்பு சூடாக வேண்டுமென்றால் வாசலுக்குப் போக வேண்டும். சைக்கிள் எடுக்க அதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

இனி ரோட்டுக்கு வருகிறேன். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர்தான், அதற்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம் இறங்கிவிடுகிறது. சமதரை என்று ஒன்று இல்லவே இல்லை. லிப்பே கரைக்கு வாங்கிய கியர் இங்கே உதவாது. பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் போட்ட பிறகுதான் ஏற்றங்களில் இறங்கித் தள்ளுவது நின்றது. தேயிலைத் தோட்டங்களுக்குள் போகும் வழிகளில் பெரிய கற்களைப் பதித்து மேலே செம்மண் போட்டிருப்பார்கள். மழை மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும், கல் மட்டும் நிமிர்ந்து நிற்கும். 45 மில்லிமீட்டர் டயரில், காற்றைக் குறைத்து, சீட்டிலிருந்து எழுந்து நின்றபடி இறங்கினால் தப்பிக்கலாம். பிரேக் கட்டைகள் தேயும் வேகம்தான் வயிற்றெரிச்சல். ஈரச் செம்மண் அவற்றை அரம் போட்டு ராவிவிடுகிறது. குஞ்சப்பனை வரை இறங்கிவிட்டுக் கையால் தொட்டால் டிஸ்க் சுடுகிறது (தொடாதீர்கள்).

மழைக்காலக் கணக்கும் இங்கே தலைகீழ். ஜூன், ஜூலையில் கூடலூரும் அவலாஞ்சியும் வெள்ளக்காடாகும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மாதங்களில் கோத்தகிரியில் மூடுபனியும் தூறலும்தான், சைக்கிள் ஓட்டலாம். மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால் இங்கே பெருமழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபரிலும் நவம்பரிலும். 2009 நவம்பர் நிலச்சரிவுகளைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அந்த இரண்டு மாதமும் மண் ரோட்டை மறந்துவிடுவது நல்லது.

யாரிடம் கேட்க வேண்டும் என்பதைத்தான் இங்கே முதலில் கற்றுக்கொண்டேன். வரைபடத்தில் கோடு இருந்தால் அது வழி என்பது ஜெர்மன் புத்தி. இங்கே அந்தக் கோடு ஒரு எஸ்டேட்டின் சொந்த ரோடாக இருக்கலாம், ஒரு ஹட்டியின், அதாவது படகர் கிராமத்தின், பின்வாசலாக இருக்கலாம், காப்புக்காடாக இருக்கலாம். எஸ்டேட் என்றால் கேட்டில் நிற்கும் வாட்ச்மேனிடம் கேட்க வேண்டும், அவர் சூப்பர்வைசருக்குப் போன் போடுவார். படகர்களின் ஹட்டி என்றால் முதல் வீட்டுத் திண்ணையில் இருப்பவரிடம் கேட்டால் போதும். பெரும்பாலும் வழியோடு டீயும் கிடைக்கும். காப்புக்காடு என்றால் வனத்துறை, அனுமதி இல்லாமல் கால் வைத்தாலே குற்றம். லாங்வுட் சோலை ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 116 ஹெக்டேர், 2024இல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம், கீழே பல ஊர்களுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான். அதன் விளிம்பு ரோட்டில் ஓட்டுவேன், உள்ளே சைக்கிளைக் கொண்டுபோவதில்லை. கேட்பது ஆரம்பத்தில் எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது அதுதான் பிடித்திருக்கிறது. ஆர்ன்ஸ்பெர்க் காட்டில் இத்தனை வருடம் ஓட்டியும் ஒருவர் பெயர்கூடத் தெரியாது. இங்கே எந்த கேட்டில் யாருடைய மகளுக்குக் கல்யாணம் என்பதுவரை தெரியும்.

அப்புறம், மாடு. ஊர்க்காரர்கள் காட்டுமாடு என்பார்கள், செய்தித்தாளில் காட்டெருமை என்று போடுவார்கள். தேயிலைக்குள் அது நிற்பது இங்கே அன்றாடம். ஒருநாள் கோடநாடு போகும் வழியில் எஸ்டேட்டுக்குள் ஒரு வளைவில் இலை பறிக்கும் பெண்கள் கைகாட்டி நிறுத்தினார்கள். "அண்ணா, நில்லுங்க, ஒத்தை மாடு நிக்குது." எட்டிப் பார்த்தேன். ரோட்டின் நடுவே, கறுப்பாக, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளையாக நின்றது. முதுகுத் திமில் என் தலைக்கு மேலே இருந்தது. காதில் ஒரு ஈயை விரட்டியது, மூச்சு விட்டது, அசையவில்லை. கூட்டத்தோடு இருப்பது பெரும்பாலும் தானாக விலகிவிடும், ஒற்றையாக நிற்பதை நம்பக்கூடாது என்றார்கள். ஓட வேண்டாம், குறுக்கே போக வேண்டாம், அதற்குப் போக ஒரு பக்கம் வழி விட்டுவிட்டு நிற்க வேண்டும். நின்றோம். அந்த நேரத்தில்,

"ஏங்கண்ணா, இந்த சைக்கிள் என்ன விலைங்க?"

பாதி விலையைச் சொன்னேன்.

"அந்தக் காசுக்கு பைக்கே வாங்கியிருக்கலாமே!" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மாடு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, செடிகளை விலக்கிக்கொண்டு மேலே ஏறிப் போனது.

பைக் வந்தால் அதற்கு அரை மைலுக்கு முன்பே கேட்கும். சைக்கிள் ஓசையே இல்லாமல் வளைவில் போய் நிற்கும், ஆபத்து அதில்தான் என்பது மாமாவின் கட்சி. மணி அடித்தால் போதாது, பேசிக்கொண்டே போக வேண்டுமாம். அதனால் வளைவுக்கு வளைவு வாய்க்கு வந்ததைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போகிறேன். பெரும்பாலும் ஜெர்மன்தான் வருகிறது. கரடிக்கும் இதே வைத்தியம். அது கோயில் விளக்கு எண்ணெயைக் குடிக்க ஊருக்குள்ளேயே வரும் ஆள். பொழுது சாய்ந்த பிறகு சைக்கிளே எடுப்பதில்லை. பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் யானை இறங்கும், அப்போது பகலிலும் அந்த ரோட்டுக்குப் போவதில்லை.

கோடநாடு காட்சிமுனை ஊரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். தார் ரோட்டிலேயே போகலாம், வழிநெடுகத் தேயிலை. முனையில் நின்றால் மலை சட்டென்று முடிந்து, கீழே மாயாறு வளைந்து வளைந்து பவானிசாகரை நோக்கிப் போகிறது. அதன் கரையில் சின்னப் பச்சைத் திட்டாகத் தெங்குமரஹாடா. உணவுப் பற்றாக்குறைக் காலத்தில், 1948இல், கூட்டுறவுப் பண்ணைச் சங்கம் வைத்துக் காட்டைத் திருத்திப் பயிர் செய்த ஊர். நீலகிரி மாவட்டம்தான், ஆனால் போவதற்குப் பவானிசாகர் பக்கமாகச் சுற்றிக் காட்டுக்குள் மண் ரோட்டில் பல மைல் போய், கடைசியில் பரிசலில் ஆற்றைக் கடக்க வேண்டும். மேலேயிருந்து பார்க்கும்போது அந்த ரோடு முட்காட்டுக்குள் வெளிறிய கோடாகத் தெரிகிறது. ஆறு, காடு, மேடே இல்லாத மண் வழி. கிரவல் சைக்கிள்காரன் கனவில் காணும் ரோடு அது.

அதில் ஓட்ட முடியாது. 2013இலிருந்து சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். ஊர்க்காரர்களுக்குப் பஸ் உண்டு, மற்றவர்களுக்குச் சோதனைச் சாவடி உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே யானைகள் போய்வரும் பள்ளத்தாக்கு அது. ஆற்றோர நீர்மருது மரங்களில் பாறு கழுகுகள் கூடு கட்டுகின்றன. தெங்குமரஹாடா குடும்பங்களையே வேறு இடத்துக்கு மாற்றும் வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், மாற்றச் சொல்லி உத்தரவும் வந்தது. முக்கால் நூற்றாண்டு அங்கே உழுதவர்களுக்கே அந்த நிலைமை என்றால், ஞாயிற்றுக்கிழமை சைக்கிளுக்கு வழி கேட்பது எனக்கே அதிகமாகப் படுகிறது. இந்த இடத்தில் மட்டும் நான் கேட்பதாக இல்லை. கோடநாட்டில் நின்று பார்ப்பதோடு சரி.

அதற்குப் பதில் கீழ்க்கோத்தகிரி, சோலூர்மட்டம் பக்கம் போகிறோம். கூட்டம் இல்லை, சுற்றுலா வண்டிகள் இல்லை, எஸ்டேட் ரோடுகள் ஏராளம். பக்கத்து ஹட்டிப் பையன்கள் சிலர் சேர்ந்துகொள்கிறார்கள். அவர்களில் ஒருவன் கியரே இல்லாத அப்பாவின் சைக்கிளில் ஏற்றத்தில் என்னை முந்துகிறான். எனக்கு வயது காரணம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நவம்பர் மழைக்குப் பிறகு எந்த வழி மிஞ்சியிருக்கிறது என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை முடியும்வரை பேரகணிப் பக்கம் போவதில்லை என்று பையன்கள் சொல்லிவிட்டார்கள், வெள்ளை உடுத்தி நடந்துவரும் கூட்டத்துக்கு நடுவே சைக்கிளுக்கு வேலையில்லை. அது முடிந்த ஞாயிற்றுக்கிழமை கீழ்க்கோத்தகிரி. மாமாவும் வருகிறார், ஜீப்பில். போகிற வழியில் அவர் கையால் கன்று நட்ட சரிவு ஒன்று இருக்கிறதாம், காட்ட வேண்டுமாம். ஜீப் வாடகையை யார் கொடுப்பது என்பதில்தான் இன்னும் பேச்சு முடியவில்லை.