பூஞ்சையை உடல் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறது?

பாக்டீரியாவோடு ஒப்பிட்டால் பூஞ்சை நமக்கு நெருங்கிய சொந்தம். அதன் செல்லிலும் உட்கரு உண்டு, மைட்டோகாண்ட்ரியா உண்டு, புரதம் தயாரிக்கும் முறையும் ஏறக்குறைய நம்முடையதுதான். பூஞ்சையை மட்டும் கொன்று நம் செல்லை விட்டுவைக்கும் மருந்துகள் குறைவாக இருப்பதும் இதனால்தான். ஆனால் நம் செல்லில் இல்லாத ஒன்று அதற்கு இருக்கிறது: செல்சுவர். பிறவியிலேயே அமைந்த நோயெதிர்ப்பு முக்கியமாகத் தேடுவது அதைத்தான்.

மனித உடலில் வாழும் கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சையின் சுவரைப் பாருங்கள். அடியில் கைட்டின், அதன்மேல் பீட்டா குளூக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலிகள், வெளியே மேனன் என்ற வேறு வகைச் சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்த புரதப் போர்வை. மேக்ரோஃபேஜ், டென்ட்ரிடிக் செல் போன்ற நோயெதிர்ப்புச் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் டெக்டின்-1 என்ற ஏற்பி பிடிப்பது நடுவில் உள்ள பீட்டா குளூக்கானை. இந்த ஏற்பியின் வேலை தெரியவந்தது 2001இல். வெளிப்போர்வையான மேனனுக்கு டெக்டின்-2, மேனோஸ் ஏற்பி, டிஎல்ஆர்-4 என்று வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

டெக்டின்-1 செயல்படும் விதத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. கரைந்த நிலையில் மிதந்துவரும் குளூக்கான் அதில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் சமிக்ஞை கிளம்பாது. துகளாக, அதாவது பூஞ்சையின் சுவராகவே வந்து படிந்தால்தான் கிளம்பும். காரணம், சிடி45, சிடி148 என்ற இரண்டு பாஸ்ஃபடேஸ்கள் (புரதத்திலிருந்து பாஸ்பேட்டை நீக்கும் நொதிகள்) பக்கத்திலேயே இருந்து சமிக்ஞையை அணைத்துக்கொண்டே இருக்கின்றன. துகள் இறுக ஒட்டும்போது அந்த இடத்திலிருந்து அவை ஓரம் தள்ளப்படுகின்றன. பிறகுதான் சிக் என்ற கைனேஸ் (பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதி) விழித்து, கார்டு9 என்ற இணைப்புப் புரதம் வழியாக, பாதுகாப்பு மரபணுக்களை இயக்கும் என்எஃப்-கப்பாபி வரை செய்தி போகிறது. உடைந்து மிதக்கும் துணுக்குக்கெல்லாம் அலறாமல் எதிரி நேரில் வந்தால் மட்டும் அலற இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு தோன்றவில்லை.

கார்டு9 மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானவர்களுக்குப் பூஞ்சைத் தொற்று மூளைவரை போகும். சாதாரணமாகத் தோலின் மேல்மட்டத்தோடு நிற்கும் படர்தாமரைப் பூஞ்சைகூட ஆழத்தில் இறங்கிவிடும். மற்ற கிருமிகளிடம் அவர்கள் பெரும்பாலும் அவ்வளவு பலவீனப்படுவதில்லை.

பூஞ்சையும் சும்மா இருப்பதில்லை. கேண்டிடாவின் ஈஸ்ட் வடிவத்தில் மொட்டு பிரிந்த வடுவில்தான் குளூக்கான் வெளியே தெரியும், மற்ற இடமெல்லாம் மேனன் மூடியிருக்கும். ஹிஸ்டோபிளாஸ்மா தன் பீட்டா குளூக்கான்மேல் ஆல்ஃபா குளூக்கானைப் பூசிக்கொள்கிறது. கிரிப்டோகாக்கஸுக்குத் தடித்த உறையே உண்டு. ஆஸ்பர்ஜில்லஸ் வித்துகளை ரோட்ஏ என்ற நீர்விலக்கிப் புரதமும் மெலனினும் மூடியிருக்கும். வித்து ஈரத்தில் ஊறி, வீங்கி முளைக்கும்போது அந்த மூடி கிழிந்து குளூக்கான் வெளிப்படுகிறது. காற்றில் வரும் வித்துகளை நாம் தினமும் சுவாசித்தும் நுரையீரல் ஓயாமல் வீங்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆய்வகத்தில் அடிக்கடி நடக்கும் பிழையும் இங்கேதான் வருகிறது. கேண்டிடாவைச் சூடாக்கிக் கொன்றால் மேனன் போர்வை குலைந்து குளூக்கான் வெளியே வந்துவிடும். அதை வைத்துச் சோதித்தால் டெக்டின்-1இன் பங்கு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். உயிருள்ள செல்லையோ புற ஊதாக் கதிரால் செயலிழக்கச் செய்த செல்லையோ பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே நல்லது. ஈஸ்ட் சுவரிலிருந்து எடுக்கும் சைமோசானை அப்படியே பயன்படுத்தினால் டிஎல்ஆர்-2 என்ற இன்னொரு ஏற்பியும் தூண்டப்படும், டெக்டின்-1ஐத் தனியாகப் பார்க்க முடியாது. வாங்கிய குளூக்கானில் பாக்டீரியாவின் எல்பிஎஸ் என்ற சுவர்ப்பொருள் கலந்திருக்கிறதா என்பதையும், அதை முடக்கும் பாலிமிக்சின் பி சேர்த்த ஒரு கட்டுப்பாட்டுக் குழியில் பார்த்துவிட வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு வரும் முடிவுகளை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

இதே குளூக்கானைத்தான் மருத்துவமனை ரத்தப் பரிசோதனையும் தேடுகிறது. வேடிக்கை என்னவென்றால், அதில் வேலை செய்வது குதிரைலாட நண்டின் ரத்தத்தில் இருக்கும் ஃபேக்டர் ஜி என்ற புரதம். அந்த நண்டின் பிறவி நோயெதிர்ப்பை நாம் கடன் வாங்கியிருக்கிறோம். பரவலாகப் புழங்கும் கிட் ஒன்றில் மில்லிலிட்டருக்கு 80 பிகோகிராமும் அதற்கு மேலும் இருந்தால் பாசிடிவ். செல்லுலோஸ் டயாலிசிஸ் சவ்வு, அறுவை சிகிச்சையில் வைத்த காஸ் துணி, சிரைவழி ஏற்றும் இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்பொருள் மருந்து) ஆகியவையும் அளவை ஏற்றிவிடும் என்பதால் நோயாளிக்கு இவற்றில் எது நடந்தது என்று முதலில் கேட்க வேண்டும். மியூகோர்மைகோசிஸில் (கறுப்புப் பூஞ்சை நோய்) இந்தப் பரிசோதனை பொதுவாக நெகடிவாகவே இருக்கும், கிரிப்டோகாக்கஸிலும் நம்ப முடியாது. ஆகவே கண்ணைச் சுற்றி வீக்கமும் மூக்கில் கறுப்புப் பொருக்கும் உள்ள ஒருவருக்கு இது நெகடிவ் என்று வந்தால், அதை நம்பித் திசு எடுத்துப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.