53 பெயர்களுக்கு எட்டு ஃபாரம்: கையால் கட்டிவரும் ஒரு நினைவேடு

1943 மே 16-ஆம் தேதி இரவு, ஜெர்மனியின் ரூர் பகுதி அணைகளைத் தகர்ப்பதற்காக இங்கிலாந்தின் ஸ்காம்ப்டன் தளத்திலிருந்து புறப்பட்டு உயிரிழந்த 53 விமானப் படையினரின் பெயர்களைக் கொண்ட ஒரு கையெழுத்து ஏட்டைச் செய்துவருகிறேன். எழுத்து வேலை முடிந்துவிட்டது, ஃபாரங்களை, அதாவது ஒன்றினுள் ஒன்றாக மடித்த தாள்கட்டுகளை, தைத்தாகிவிட்டது, அட்டை கட்டுவது மட்டுமே மிச்சம். இந்த வேலையில் எடுத்த முடிவுகளையும் அவற்றின் காரணங்களையும், கைத்தையல் பைண்டிங்கில் ஈடுபாடு உள்ளவர்களுக்கும் போர்க்கால வரலாற்றைப் படிப்பவர்களுக்கும் உதவக்கூடும் என்று எண்ணி இங்கே எழுதிவைக்கிறேன்.

அந்த இரவு போனது 617-ஆவது ஸ்குவாட்ரன். 19 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள், விமானத்துக்கு ஏழு பேராக 133 பேர். எட்டு விமானங்கள் திரும்பவில்லை. அவற்றில் இருந்த 56 பேரில் மூவர் மட்டும் உயிர் பிழைத்துப் போர்க்கைதிகளாயினர். பிரிட்டிஷ் விமானப் படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்ட் போர் முழுவதிலும் இழந்த 55,573 பேரோடு ஒப்பிட்டால் 53 என்பது மிகச் சிறிய எண். ஒரு தனிமனிதன் தன் கையால் எழுதி, தைத்து, முடித்துவைக்கக்கூடிய அளவு அதுதான் என்பதே இந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்ததற்கு முதற்காரணம். நம் மாகாணத்தின் பெயரையே தாங்கி, 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற அடைமொழியோடு பறந்த 35-ஆவது ஸ்குவாட்ரனையும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் அதன் இழப்பு நூற்றுக்கணக்கில் போகிறது. அது ஒரு குழுவாகச் சேர்ந்து செய்ய வேண்டிய பணி.

ஏட்டின் அமைப்பைத் தீர்மானிப்பதற்குத்தான் அதிகக் காலம் பிடித்தது. பொதுவான நினைவிடங்களில் பெயர்கள் எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை முதலில் கவனித்தேன். கல்லறை இல்லாத 20,000-க்கும் மேற்பட்ட விமானப் படையினருக்காக 1953-இல் திறக்கப்பட்ட ரன்னிமீட் நினைவகத்தில், இறந்த ஆண்டு, படை, பதவி என்று பிரித்து, அதற்குள் அகர வரிசையில் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு இதைவிடச் சிறந்த முறை இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும், ஒரே விமானத்தில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து சென்று, ஒரே நொடியில் கடலில் விழுந்தவர்கள், ஒருவர் அதிகாரி, மற்றவர் சார்ஜென்ட், இன்னொருவர் கனடியர் என்பதாலேயே வெவ்வேறு பலகைகளுக்குப் பிரிந்துபோய்விடுகிறார்கள். என் ஏட்டில் அவர்கள் குழுக்களாகவே இருக்க வேண்டும் என்பதை முதல் விதியாக வைத்துக்கொண்டேன்.

விதியை வகுத்த பிறகு பைண்டிங்கின் கணக்கே வழிகாட்டியது. நான்கு தாள்களை ஒன்றினுள் ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் எட்டு இலைகள் கிடைக்கும். முதல் இலை விமானத்துக்கு, மற்ற ஏழும் ஏழு பேருக்கு. ஆக, ஒரு விமானம் ஒரு ஃபாரம்; எட்டு விமானங்களுக்கு எட்டு ஃபாரம், 64 இலைகள். ஃபாரங்களை விமானங்கள் வீழ்ந்த நேர வரிசையில் அடுக்கியிருக்கிறேன். இரவு 10.57-க்கு டச்சுக் கடற்கரையில் வீழ்ந்த, விமானி பையர்ஸின் விமானம் முதலில் வருகிறது. பிறகு பார்லோ, ஆஸ்டெல், ஹாப்குட், பர்ப்பி, ஓட்லி, மாட்ஸ்லி ஆகியோரின் விமானங்கள். வேலையை முடித்துவிட்டுத் திரும்பும் வழியில், இங்கிலாந்துக்குக் கடல் மட்டுமே குறுக்கே இருந்த நிலையில், அதிகாலை 2.58-க்குச் சுடப்பட்ட யங்கின் விமானம் கடைசி.

ஏழு பேரையும் எந்த வரிசையில் வைப்பது என்பது அடுத்த கேள்வி. வழக்கமான பட்டியல்கள் விமானியில் தொடங்கிப் பின் துப்பாக்கி வீரரில் முடியும். அப்படி எழுதும்போது விமானியின் பெயரே அந்த விமானத்தின் பெயராகிவிடுகிறது. நானும் மேலே அவ்வாறுதான் எழுதியிருக்கிறேன், வேறு வழியில்லை. ஏட்டுக்குள் மட்டுமாவது அதை மாற்றலாம் என்று கருதி, அவர்கள் விமானத்தில் இருந்த இடத்தை ஒட்டி மூக்கிலிருந்து வால்வரை வரிசைப்படுத்தினேன். மூக்கில் படுத்திருக்கும் குண்டு குறிவைப்பவர், அவருக்கு மேலே முன் துப்பாக்கி வீரர், பிறகு விமானி, அவர் பக்கத்தில் ஃபிளைட் என்ஜினியர், அவர்களுக்குப் பின்னால் நேவிகேட்டர், வயர்லெஸ் ஆபரேட்டர், கடைசியாக, மற்ற அறுவரையும் பார்க்க இயலாமல் வாலில் தனித்திருக்கும் பின் துப்பாக்கி வீரர். வழக்கமாக லங்காஸ்டரின் முதுகின்மேல் இருக்கும் சுழல் கூண்டை இந்தத் தாக்குதலுக்காகக் கழற்றிவிட்டதால், அங்கே உட்கார வேண்டியவர் மூக்குக்கு வந்துவிட்டார். எனவே இந்த வரிசை இந்த ஓர் இரவுக்கே உரியது.

இந்த வரிசையில் மடித்துப் பார்த்தபோது, நான் திட்டமிடாத ஒன்று தானாகவே அமைந்தது. எட்டு இலைகளில் நான்காவதும் ஐந்தாவதும் ஒரே தாளின் இரு பாதிகள். விமானியும் ஃபிளைட் என்ஜினியரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததுபோலவே, ஃபாரத்தின் நடுத்தாளைப் பகிர்ந்துகொள்கிறார்கள். தையல் நூல் வெளியே தெரியும் இடமும் அதுதான். பின் துப்பாக்கி வீரரின் எட்டாவது இலை, விமானத்துக்குரிய முதல் இலையோடு ஒரே தாளாக வெளியே சுற்றி நின்று மற்ற எல்லோரையும் அணைத்துக்கொள்கிறது.

உயிர் பிழைத்த மூவரை என்ன செய்வது என்ற சிக்கலும் இதே மடிப்பில் தீர்ந்தது. ஹாப்குட்டின் விமானத்தில் குண்டு குறிவைத்த ஃபிரேசர், பின் துப்பாக்கி வீரர் பர்ச்சர், ஓட்லியின் விமானத்தில் பின் துப்பாக்கி வீரர் டீஸ் ஆகிய மூவரும் இறந்தவர்கள் அல்லர். அவர்கள் பெயரை இந்த ஏட்டில் எழுதுவது பொருந்தாது. அவர்களுடைய இலைகளை வெட்டி எடுத்துவிடலாமா என்றால், பைண்டிங் தெரிந்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்: ஓர் இலையை வெட்டினால் அதன் மறுபாதி பிடிப்பிழந்து கழன்று வரும். ஃபிரேசரின் இலைக்கு மறுபாதி, அதே விமானத்தின் வயர்லெஸ் ஆபரேட்டர் மின்ச்சினுடையது. காலில் பலத்த காயத்தோடு பின்பக்கம் ஊர்ந்து வந்த மின்ச்சினை, பாராசூட்டை மாட்டி வெளியே தள்ளிவிட்டவர் பர்ச்சர். மின்ச்சின் பிழைக்கவில்லை. தள்ளிவிட்ட பர்ச்சரும், மூக்கின் வழியாகக் குதித்த ஃபிரேசரும் பிழைத்தார்கள். ஃபிரேசர் பிற்காலத்தில் தம் மகனுக்கு ஹாப்குட்டின் பெயரைச் சேர்த்து வைத்தார். இவற்றை அறிந்த பிறகு அந்த இலையில் கத்தியை வைக்க மனம் வரவில்லை. மூவரின் இலைகளிலும் பணியின் பெயரை மட்டும் எழுதி, ஆளின் பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். தாக்குதலுக்கு மறுநாள் ஸ்காம்ப்டனிலிருந்து தந்தி போனது 56 வீடுகளுக்கு என்பதையும் நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அந்த மூன்று வீடுகளும் மற்ற 53 வீடுகளைப் போலத்தான் இருந்தன.

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாள் புதுச்சேரி ஆசிரமத்துக் கைத்தாள். ஆலைத் தாளில் நார் ஓடும் திசையைப் பார்த்துத்தான் மடிக்க வேண்டும். கைத்தாளில் நார் எல்லாத் திசையிலும் பரவியிருப்பதால் அந்தக் கவலை இல்லை. அதற்குப் பதிலாக மை கசியும் கவலை உண்டு. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் ஒரு கோடு இழுத்துப் பார்த்து, மை பரவாத தாள்களை மட்டும் எழுதுவதற்கு ஒதுக்கினேன். கரி மையையே பயன்படுத்தினேன். இரும்பு கலந்த மை காலப்போக்கில் தாளை அரித்துவிடும். பெயர்கள் அகல நிப்பால் அவர்களுடைய மொழியின் எழுத்தில் ஒருமுறையும், கீழே சிறிய அளவில் தமிழில் ஒருமுறையும் உள்ளன. தையலுக்குத் தேன்மெழுகு பூசிய லினன் நூல். நம் ஊர் பைண்டர்கள் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சும் மைதாப் பசையை அட்டைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, எழுதிய தாள்களின் பக்கம் எந்தப் பசையையும் கொண்டுபோகவில்லை.

இலையின் முன்பக்கத்தில் பெயர், பதவி, படை, பணி. பதக்கங்களைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் அதிகாரிகளின் இலைகள் நிரம்பி, சார்ஜென்ட்டுகளின் இலைகள் பெரும்பாலும் ஒற்றை வரியோடு நின்றுவிடும். வயதையும் தவிர்த்தேன். ஒரே ஒருவருக்கு மட்டும் விதிவிலக்கு: பார்லோவின் விமானத்தில் பின் துப்பாக்கி வீரராக இருந்த ஜாக் லிடல். அவருக்கு வயது 18. விதியை மீறியிருக்கிறேன் என்று தெரிந்தேதான் எழுதினேன்.

பின்பக்கத்தில் விமானம் விழுந்த இடமும் உடல் இருக்கும் இடமும். இந்தப் பகுதிக்கு நிறையச் சரிபார்ப்பு தேவைப்பட்டது. போர் முடிந்த பிறகு ஆங்காங்கே ஊர்க் கல்லறைகளில் கிடந்த உடல்களைத் தோண்டியெடுத்துப் பெரிய போர்க் கல்லறைகளில் சேர்த்தார்கள் என்பதால், முதலில் புதைத்த இடமும் இன்றைய இடமும் பலருக்கு வேறுவேறு. 53 பேரில் 27 பேர் ஜெர்மனியின் ரைக்ஸ்வால்ட் காட்டுக் கல்லறையில் இருக்கிறார்கள். ஹாப்குட்டும் அவருடைய நால்வரும் ரைன்பெர்கில். யங்கின் ஏழு பேரும் நெதர்லாந்தின் வடகடல் ஓரத்தில் பெர்கன் என்ற ஊரில். பர்ப்பியின் ஏழு பேரும் அதே நாட்டின் தெற்கே பெர்கன்-ஆப்-சூம் என்ற ஊரில். இவ்விரண்டும் வெவ்வேறு ஊர்கள் என்பதை இத்தகைய பணியில் இறங்குபவர்கள் மனத்தில் வைக்க வேண்டும். பையர்ஸின் குழுவில் பின் துப்பாக்கி வீரர் மெக்டவலை மட்டும் கடல் பின்னர் கரைசேர்த்தது. அவர் ஹார்லிங்கனில் இருக்கிறார். எஞ்சிய அறுவருக்குக் கல்லறை இல்லை, ரன்னிமீட் சுவர்தான்.

கல்லறைக் கற்களின் அடியில் குடும்பத்தினர் தேர்ந்தெடுத்த வரிகள் பொறிக்கப்பட்டுள்ளன. இடைவெளிகளையும் சேர்த்து ஒரு குறிப்பிட்ட எழுத்தெண்ணிக்கைக்கு மிகாமல் எழுத அவர்களுக்கு அனுமதி இருந்தது. அந்த வரிகளையும் ஏட்டில் சேர்க்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். பெற்றோரும் மனைவியரும் சொல்லைச் சொல்லாக எண்ணி, தங்கள் துயரத்துக்காகச் செதுக்கிய வரிகளை நான் அழகுக்காக நகலெடுப்பது சரியாகப் படவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டேன்.

ஒன்பதாவதாக ஒரு ஃபாரமும் உண்டு. தாக்கப்பட்ட அணைகளில் ஒன்றான மோனே அணை உடைந்தபோது கீழே ரூர் பள்ளத்தாக்கில் 1,200-க்கும் மேற்பட்டோர் வெள்ளத்தில் இறந்தனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஜெர்மானியரே அல்லர். நேஹைம் ஊருக்கு அருகிலிருந்த முகாமில் அடைக்கப்பட்டுக் கட்டாய வேலை செய்துவந்த அயல்நாட்டவர்கள், பெரும்பாலும் சோவியத் நாட்டிலிருந்து இழுத்துவரப்பட்ட பெண்கள். ஓர் இராணுவப் பிரிவின் நினைவேட்டில் இவர்களுக்கு என்ன இடம் என்று கேட்பவர்கள் உண்டு. அணை உடைவதற்காகத்தான் அந்த 53 பேரும் போனார்கள்; உடைந்ததன் விளைவை விட்டுவிட்டு அவர்களுடைய சாவை மட்டும் எழுதுவது பாதிக் கணக்கு என்பது என் எண்ணம். ஆனால் அந்தப் பெண்களின் பெயர்களை 53 பெயர்களைப் போல ஒவ்வொன்றாக எழுத என்னால் இயலாது. ஆகவே அதே நான்கு தாள்களை மடித்து, இலைக்கு ஓர் ஊராக வெள்ளம் போன வழியில் இருந்த ஊர்களின் பெயர்களை மட்டும் எழுதியிருக்கிறேன். நீடரென்சேயின் இலையில், மணியடித்து ஊரை எச்சரித்துவிட்டுக் கோயிலோடு அடித்துச் செல்லப்பட்ட பாதிரியார் பெர்க்கன்கோப்ஃபின் பெயர் இருக்கிறது. ஏட்டின் இறுதியில் பின்னிணைப்பாக வைக்காமல், மோனே அணை உடைந்த நேரத்துக்குரிய இடத்தில், ஹாப்குட்டுக்கும் பர்ப்பிக்கும் நடுவில் இதைத் தைத்திருக்கிறேன்.

அட்டைக்கு அடர்நீலக் காலிகோ துணியை வெட்டி வைத்திருக்கிறேன். முதுகில் எந்த எழுத்தும் இருக்காது. மழைக்காலம் கழிந்து பசை ஒழுங்காக உலரும் பருவத்தில் அதை ஒட்டிவிடுவேன்.

இதற்கிடையே இரண்டாவது ஏட்டுக்கான கணக்கைத் தொடங்கியிருக்கிறேன். அந்த இரவில் உயிர் தப்பிய 80 பேரில் 32 பேர் போர் முடிவதற்குள் இறந்துவிட்டார்கள். தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய கிப்சனும் அவர்களில் ஒருவர், 1944 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஸ்டீன்பெர்கனில் விழுந்தார். இங்கே ஒரு விமானம் ஒரு ஃபாரம் என்ற கணக்கு ஒத்துவரவில்லை. கிப்சனோடு அன்று பறந்தவர்களில் நால்வர், 1943 செப்டம்பரில் டார்ட்மண்ட்-எம்ஸ் கால்வாய்த் தாக்குதலின்போது ஹோல்டன் ஓட்டிய விமானத்தில் இறந்தார்கள். ஹோல்டன் அணைத் தாக்குதலில் பங்கேற்றவர் அல்லர்; அந்த விமானத்தில் இருந்தவர்களோ எட்டுப் பேர். அதே இரவில் இறந்த லெஸ் நைட் இதற்கு நேர்மாறு: தம் குழுவினர் குதிக்கும்வரை விமானத்தைப் பிடித்து நிறுத்திவிட்டு, டென் ஹாம் என்ற ஊரருகே தனியே விழுந்தார். அவருக்கு ஏழு இலைகள் தேவையில்லை. இறந்த விமானத்தை வைத்தே பிரிப்பது, உடன் இறந்தவர்கள் அணைத் தாக்குதலில் இல்லாதவர்கள் என்றாலும் அவர்களையும் சேர்ப்பது என்று இப்போதைக்கு முடிவு செய்திருக்கிறேன். ஹோல்டனின் விமானத்துக்கு ஐந்து தாள் ஃபாரம், நைட்டுக்கு ஒரே தாள். ஒற்றைத் தாளைத் தைத்தால் மடிப்பில் நூல் அறுத்துவிடும் என்பதால், உள்ளே ஒரு பட்டைத் தாளை வைத்து மாதிரி ஒன்றைத் தைத்துப் பார்த்திருக்கிறேன்; பிடிப்பு நன்றாகவே இருக்கிறது.