அம்மா நேர்ந்துகொண்ட நடை

என் மகன் சாலை விபத்தில் தலையில் அடிபட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினொரு நாள் கண்விழிக்காமல் கிடந்தான். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்த அம்மா, ஐந்தாம் நாள் விடியற்காலையில் என் கையைப் பற்றி, "பிள்ளை எழுந்து நடந்துட்டா, சாந்தோமிலிருந்து பரங்கிமலை வரைக்கும் நடந்தே வர்றேன்னு தோமையார்கிட்ட நேர்ந்துகிட்டேன் கண்ணு" என்றார். தோமையார் என்பது இயேசுவின் திருத்தூதர் தோமாதான். சென்னைக் கடலோரத்துச் சாந்தோமில் அவருடைய கல்லறையும், பரங்கிமலையில் அவர் கொல்லப்பட்ட இடமும் இருப்பதாக எங்கள் நம்பிக்கை. அப்போது அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. முழங்கால் வலியினால் பெரம்பூரில் எங்கள் தெருவிலிருந்து கோயிலுக்கே ஆட்டோவில்தான் போய்வருவார். பிள்ளை எழுந்தான், நடந்தான். அவன் வீடு திரும்பிய மூன்றாம் மாதம், ஒரு ஞாயிறு இரவு படுத்த அம்மா காலையில் எழவில்லை.

நேர்ச்சை என் கணக்கில் வந்து சேர்ந்தது. அதை ஒன்றரை ஆண்டு தள்ளிப்போட்டேன். நடக்க முடியாது என்பதனால் தள்ளவில்லை. யாரிடம் அம்மா நேர்ந்துகொண்டாரோ அந்தப் பக்கம் பேசவே என்னால் முடியாமல் போய்விட்டதனால் தள்ளினேன். மகனைக் கொடுத்துவிட்டு அதற்கு ஈடாக ஆண்டவர் அம்மாவை எடுத்துக்கொண்டாரோ என்ற எண்ணம் அடக்கத்தன்று கல்லறையில் நின்றபோது முதன்முதலாக வந்தது. பிறகு அது போகவேயில்லை. ஞாயிறு திருப்பலியில் எல்லாரும் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது வாய் மூடி நிற்பேன். பக்கத்துக் குடும்பங்கள் வீடு வீடாகக் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டு முறை வந்தபோது உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன். இரவில் செபமாலையைக் கையில் எடுத்தால், அன்று மருத்துவமனையில் நாங்கள் செபித்ததெல்லாம் வெறும் சுவரைப் பார்த்துச் சொன்னதுதான், மருந்துதான் பிழைக்கவைத்தது என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். செபிக்கப் பழகிய ஒருத்திக்கு அந்தக் குரலோடு தனியாகப் படுத்திருப்பது எவ்வளவு பெரிய வேதனை என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

சென்ற தவக்காலத்தின் நான்காம் வெள்ளிக்கிழமை, அம்மாவின் கடனையாவது தீர்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். பக்தி என்று சொல்ல முடியாது. இறந்தவருக்குப் பட்ட கடன் என்ற பயம் மட்டுமே இருந்தது. அம்மாவின் மரமணிச் செபமாலையைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

சாந்தோமில் காலைத் திருப்பலி முடித்து, திருத்தூதரின் கல்லறைச் சிற்றாலயத்துக்கு இறங்கினேன். இயேசுவின் திருத்தூதர் ஒருவரின் கல்லறைமீது எழுந்த பேராலயங்கள் என்று உரோமையையும் ஸ்பெயின் நாட்டின் சந்தியாகுவையும் சொல்வார்கள். மூன்றாவது நம் மயிலாப்பூரில் கடலோரத்தில் இருக்கிறது. இப்போதுள்ள வெண்ணிறக் கோயில் 1896இல் அபிஷேகம் செய்யப்பட்டது என்பதையும், 1956இல் பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதி பெற்றதையும் அம்மா எனக்குச் சிறு வயதிலேயே பாடம் போலச் சொல்லித் தந்திருந்தார். அங்கே முழந்தாளிட்ட எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லித் தோளைத் தொட்டார்கள். எழுந்து வெளியே வந்து நடக்கத் தொடங்கினேன்.

லஸ் முனையைத் தாண்டும்போது பிரகாச மாதா கோயில் இருக்கும் பக்கம் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டேன். கடலில் திசை தெரியாமல் தவித்த மாலுமிகளுக்கு வெளிச்சம் காட்டிக் கரைசேர்த்தவள் அந்த மாதா. ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை, நந்தனம் என்று வெயில் ஏற ஏற நடையும் தளர்ந்தது. நந்தனம் நிறுத்தத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றியபோது இடது குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது. அம்மாவின் முழங்கால் நினைவுக்கு வந்தது. அந்தக் காலோடு இந்தத் தூரத்தை நேர்ந்துகொள்ள அவருக்கு எப்படித் துணிவு வந்தது? அவர் தம் காலை நம்பி நேர்ந்துகொள்ளவில்லை என்பது அந்தச் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

சைதாப்பேட்டையில் அடையாற்றுப் பாலம் கடந்தேன். இப்போது மறைமலை அடிகள் பெயரில் பாலம் உள்ள அவ்விடத்தில் 1726இல் முதன்முதலாகப் பாலம் கட்டிக்கொடுத்தவர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர். பரங்கிமலைக்குப் படிகள் அமைத்தவரும் அவரே. ஆற்றையும் கடந்து மலையும் ஏற வேண்டிய யாரோ ஒரு கிழவியை நினைத்துச் செலவழித்தாரோ என்னவோ, அவருடைய ஆன்மாவுக்காக ஒரு நித்திய இளைப்பாற்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஒன்றரை ஆண்டில் நானாகச் சொல்ல விரும்பிய முதல் செபம் அதுதான்.

சின்னமலைக் குகையில் கூட்டம். தலை குனிந்து நுழைய வேண்டிய அந்தச் சின்னஞ்சிறு இடத்தில், செபிக்க வந்தவர்களை ஓரம் தள்ளிவிட்டு ஓர் இளைஞர் குழு கைப்பேசியில் மாறி மாறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. ஒரு திருத்தூதர் தம்மைக் கொல்லத் தேடியவர்களுக்கு ஒளிந்து, பாறையோடு பாறையாக ஒடுங்கி மன்றாடிய இடம் அது. அவர் தப்பிச் சென்றதாகச் சொல்லும் திறப்பையும், அதனருகே பாறையில் பதிந்துள்ள கை அடையாளத்தையும், அவர்கள் நகர்ந்த பிறகு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பியவருக்கும் ஒளிய ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது.

அங்கே வயது முதிர்ந்த குரு ஒருவர் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். வரிசையில் நின்று, என் முறை வந்தபோது, பாவம் எதையும் சொல்லாமல் அழுதேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்: கல்லறையில் வந்த எண்ணம், இரவில் கேட்கும் குரல், அன்பியத்தில் சொன்ன பொய். அவர் அதிர்ச்சி அடைவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "உயிர்த்த ஆண்டவர் முதல் தடவை வந்தப்போ தோமா இல்லை. மறுபடி வந்தது எட்டு நாள் கழிச்சு. அந்த எட்டு நாளும் நம்பாத தோமா எங்கேம்மா இருந்தார்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "மத்தவங்களோடதான் இருந்தார். நம்பலைன்னு அவரும் ஓடிப்போகலை, நம்பலைன்னு அவங்களும் விரட்டலை. ஆண்டவர் அந்த வீட்டுக்குள்ளேயே வந்தார். நீங்க வீட்டை விட்டுப் போகாதீங்க" என்றார். பரிகாரமாக, இயேசுவின் பாடுகளை ஸ்தலம் ஸ்தலமாக நின்று நினைத்துச் செபிக்கும் சிலுவைப்பாதையை அன்று மலையில் செய்பவர்களோடு சேர்ந்துகொள்ளச் சொன்னார்.

யோவான் நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன்! தோமா கேட்ட கேள்வியும், விலாவில் கையிடச் சொல்லி ஆண்டவர் அவரை அழைத்ததும், "என் ஆண்டவரே, என் கடவுளே" என்று அவர் விழுந்ததும் மனப்பாடம். இடையில் இருந்த எட்டு நாளை நான் பார்த்ததே இல்லை. சந்தேகத்தோடு மற்றவர்களின் மகிழ்ச்சியைப் பார்த்துக்கொண்டு ஒரே வீட்டில் இருந்த அந்த எட்டு நாள் அவருக்கு எவ்வளவு நீளமாக இருந்திருக்கும்!

கத்திப்பாராவின் இரைச்சலையும் ஆலந்தூரையும் கடந்து மலையடிவாரம் சேர்ந்தபோது மாலை ஐந்தாகியிருந்தது. மெழுகுவர்த்தி விற்கும் பெண்கள் வழிமறித்தார்கள். ஓர் ஆட்டோக்காரர், "மேலே வரைக்கும் ரோடு இருக்கும்மா, இந்தக் காலோட எப்படி ஏறுவீங்க" என்று விடாமல் பின்னாலேயே வந்தார். அவரிடம் கும்பிடு போட்டுவிட்டு, படிக்கட்டில் முதல் ஸ்தலத்தின் அருகே நின்ற ஒரு கூட்டத்தோடு போய் நின்றேன். எந்தப் பங்கு என்று கேட்கவில்லை. அவர்களும் என்னைக் கேட்கவில்லை. ஒரு பெரியவர் பழைய செபங்களையே வாசித்தார். ஒவ்வொரு ஸ்தலத்தின் முடிவிலும் "எங்கள்பேரில் தயவாயிரும் சுவாமி" என்று எல்லாரும் சொன்னபோது, முதல் மூன்று ஸ்தலங்களில் நான் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றேன். நான்காவதில், இயேசு தம் தாயைச் சந்திக்கிற இடத்தில், என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. மனம் பின்தங்கியே இருந்தது. ஆனாலும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயதில் சொல்லிப் பழகிய சொற்கள் எனக்கு முன்னால் படியேறின. மூச்சு வாங்கி நான் நிறுத்திய இடத்தில் மற்றவர்களின் குரல் தொடர்ந்தது.

மேலே கோயிலுக்குள் கூட்டம் முண்டியடித்தது. பீடத்தின் அருகே போக அரைமணி நேரம் ஆயிற்று. பீடத்துக்கு மேல் அந்தக் கற்சிலுவை இருந்தது. 1547இல் போர்ச்சுகீசியர் கடைக்கால் தோண்டும்போது கிடைத்தது. மேலே புறா இறங்க, சுற்றிலும் பழைய பாரசீக எழுத்துகள் ஓட, நுனிகள் மொட்டு விரிந்தது போன்ற சிலுவை. 1558ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் திருப்பலி நடக்கும்போதே இரத்தம் வியர்த்த சிலுவை. சிறுமியாக இருந்தபோது, கல் ஏன் வியர்க்க வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன், "நமக்காகத்தான்" என்றார். அன்று அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. இப்போது அதே கல்லின் முன், செபித்துக்கொண்டிருந்த தோமாவை ஈட்டியால் குத்திய இடத்தில், கொப்புளம் எரியும் காலோடு நின்றபோது, என் மகனுக்குப் பக்கத்தில் பதினொரு நாளும் ஒருவர் வியர்த்துக்கொண்டு நின்றிருக்கிறார் என்று பட்டது. அம்மாவின் கட்டிலருகிலும் அதே ஆள்தான் நின்றிருக்க வேண்டும். ஈடு வாங்க வந்த கடன்காரராக ஒன்றரை ஆண்டாக அவரை எண்ணியிருந்தேன். "என் ஆண்டவரே" என்றேன். அடுத்த சொல் வர நேரமாயிற்று. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. பிறகு அதுவும் வந்தது.

ஆண்டவரே, என் பிள்ளையின் இரண்டு கால்களுக்காக நன்றி. நந்தனத்துக் கொப்புளத்துக்காக நன்றி. அந்தக் குருவுக்காக, படிகளில் என் பக்கத்தில் நின்ற பெயர் தெரியாத அந்தப் பெரியவருக்காக, பாலம் கட்டியவருக்காக நன்றி. எழுபத்திரண்டு வயதில் எனக்காக நேர்ந்துகொண்ட அந்த மனுசிக்காக நன்றி.

வெளியே வந்தபோது விமான நிலைய ஓடுதளத்தில் விளக்குகள் ஏற்றியிருந்தார்கள். அம்மாவின் பெயரில் ஒரு திருப்பலிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு மின்சார ரயிலில் வீடு வந்தேன். மகன் வெந்நீர் வைத்துக் காலைக் கழுவி மருந்திட்டான். அந்தக் குரல் அன்றிரவும் வந்தது. நான் எழுந்து அம்மாவின் செபமாலையை எடுத்து, அவர் சொல்லும் பழைய முறையிலேயே "பிரியதத்தத்தினாலே பூரண மரியே வாழ்க" என்று தொடங்கினேன். செபமாலையின் இரண்டாவது பத்து மணிகளை முடிப்பதற்குள் தூங்கிப்போனேன். தூக்கத்தில் விட்டதைக் காவல் தூதரான சம்மனசு சொல்லி முடிப்பார் என்பார் அம்மா.