அக்ரி படிச்ச பிள்ளைங்களுக்கு நிலம் யாரு தர்றது?

மச்சான் பொண்ணு கோயம்புத்தூர்ல பி.எஸ்சி அக்ரி கடைசி வருஷம். லீவுக்கு இங்க சிங்கப்பூருக்கு வந்திருந்தப்ப அடுத்து என்னம்மா பிளான்னு கேட்டேன். பேங்க் வேலைக்கு ஆள் எடுக்கிற ஐபிபிஎஸ் எக்ஸாம்ல அக்ரி ஆபீசர் போஸ்ட்டுக்குப் படிக்கிறேன் மாமா, கிளாஸ்ல முக்காவாசிப் பேரு அதான், மிச்சப் பேரு டிஎன்பிஎஸ்சினு சொன்னா. ஏன், சொந்தமா விவசாயம் பண்ண ஆசையில்லையானு கேட்டதுக்கு, "ஆசை நெறைய இருக்கு மாமா, நிலம் யாரு தருவா?"னுட்டா.

அவளுக்கு காய்கறி நாத்துப் பண்ணை வைக்கணும். குழித்தட்டுல தேங்கா நார்க்கழிவ நிரப்பி, குழிக்கு ஒரு விதை, மேல நிழல்வலை. தக்காளி நாத்து மூணு நாலு வாரத்துல ரெடி ஆயிடும், மிளகாய்க்கு இன்னும் கொஞ்ச நாள் கூட ஆகும்னு ஒவ்வொண்ணா சொல்றா, கிராமத்துல தங்கி ட்ரெய்னிங் எடுத்தப்ப எந்த ஊருல எந்த மாசம் நாத்து கிடைக்காம அலையுறாங்கனு கூட நோட்டுல எழுதி வச்சிருக்கா. இந்தப் புள்ளைக்கு ஆர்வமில்லைனு எவனாவது சொன்னா எனக்கு கோவம்தான் வரும்.

பணத்துக்கு வழி இல்லாம இல்ல. அக்ரி படிச்சவங்க சொந்தத் தொழில் தொடங்க மத்திய அரசோட அக்ரி கிளினிக் ஸ்கீம் 2002லேருந்து இருக்கு, ட்ரெய்னிங் முடிச்சா தனி ஆளுக்கு 20 லட்சம் வரைக்குமான ப்ராஜெக்ட்டுக்கு லோன், அதுல 36 சதவீதம் மானியம், பொண்ணுங்களுக்கு 44. ஆனா பேங்க்ல போய் நின்னா நிலத்துக்குப் பேப்பர் எங்கனு கேப்பாங்க. மச்சான் வீட்டுல நிலம் கிடையாது. வருஷா வருஷம் வாய்ப்பேச்சுல எடுக்கிற குத்தகை நிலத்துல நிழல்வலைக்கூடாரம் போட்டா, போட்ட காசு திரும்பறதுக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டா என்ன பண்ணுவா?

இப்ப நம்ம பக்கம் வாங்க. சிங்கப்பூர்ல இருக்கிற நம்மாளுங்க எத்தனை பேருக்கு புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கம் நிலம் சும்மா கிடக்கு! எனக்கும் கிடக்கு, சீமைக்கருவேலம் மண்டிப் போய். குத்தகைக்கு விடுங்கனா எழுதிக் குடுக்க பயம். 1955ல வந்த குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தால, பதிஞ்சு குடுத்தா அப்புறம் ஆள வெளிய அனுப்ப முடியாதுன்னு அப்பா காலத்துலேருந்து சொல்லிச் சொல்லி வளத்துட்டாங்க. அந்தச் சட்டம் வந்தது உழுதவன அடிச்சு விரட்டக் கூடாதுன்னு, அது நியாயம்தான். ஆனா அந்த பயத்துல நிலம் தரிசாவே கிடக்குது, படிச்ச புள்ளைங்க பேங்க் எக்ஸாமுக்குப் போகுதுங்க.

இங்க சிங்கப்பூர்ல பாருங்க, விவசாயத்துக்கு இருக்கிறது மொத்த நிலத்துல 1 சதவீதத்துக்கும் கம்மி, ஆனா அரசாங்கம் டெண்டர் விட்டு பண்ணை நிலத்த 20 வருஷத்துக்கு எழுதிக் குடுக்குது. அதுக்காக இங்க எல்லாம் ஓஹோனு ஓடுதுன்னும் சொல்ல மாட்டேன், கரண்ட் செலவும் மலேசியாவுலேருந்து வர்ற மலிவுக் கீரையும் சேர்ந்து நெறைய பண்ணைய மூட வச்சிருச்சு, 2030க்குள்ள நாட்டோட சத்துத் தேவையில 30 சதவீதத்த இங்கயே உற்பத்தி பண்ணணும்னு 2019ல வச்ச இலக்கையே 2025 நவம்பர்ல மாத்திட்டாங்க. இருந்தாலும் தோத்தாலும் ஜெயிச்சாலும் நிலம் இத்தனை வருஷம் நம்ம கையிலங்கிற தெம்பு அவங்களுக்கு இருக்கு.

அந்தத் தெம்ப நம்மளாலயும் குடுக்க முடியும். நான் தீபாவளிக்கு ஊருக்குப் போறப்ப வக்கீல பாத்து அஞ்சு வருஷத்துக்கு மச்சான் பொண்ணு பேர்ல குத்தகை எழுதிப் பதியப் போறேன், முதல் ரெண்டு வருஷம் குத்தகைக் காசு வேணாம்னு வீட்டுல பேசிட்டோம். அதுக்கு முன்னாடி தாத்தா பேர்ல இருக்கிற பட்டாவ மாத்தணும், அத்தைங்க ரெண்டு பேரோட கையெழுத்தும் வேணும். உங்கள்ல யாராவது இப்படி எழுதிக் குடுத்திருந்தா, பத்திரத்துல என்னென்ன போட்டீங்கனு கீழ சொல்லுங்க.